தாய்வீட்டுச் சாதம்

டீனாவும் நரேஷும் மாரிக்குப்பம் ரயிலில் பழகியதும், யாருக்கும் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டதும், அதன் பிறகு இரண்டு வீடுகளிலும் விழுந்த மௌனமும் போன வருஷத்தோடு போயின. வயிற்றில் ஒரு குழந்தை வந்ததும் எல்லோருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. நரேஷின் அம்மா பாப்பம்மாதான் முதலில் போன் செய்தார். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம்.

"ஏழாம் மாசம் வளைகாப்பு வெச்சிக்கலாம் சம்பந்தி. எங்க வூட்ல. உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லியே?"

டீனாவின் அம்மா வின்னிக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வளையல் போட்ட கையோடு மகளை, கோலார் தங்கவயல் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் இருக்கும் தன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான்.

"அது உங்க உரிமை. நா இன்னா சொல்லப் போறேன்?" என்றார் பாப்பம்மா.

அந்த நாள் இன்று.

வின்னி விடியும் முன்பே அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். தாய்வீட்டார் கலந்த சாதம் கொண்டு போக வேண்டும். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். இதை அவர்கள் வழக்கம், நம் வழக்கம் என்று பிரிக்க முடியாது. ஸ்கெலட்டனில் கிறிஸ்தவ வீடுகளிலும் வளைகாப்பு உண்டு. ஆரத்தி எடுக்கும் இடத்தில் பாஸ்டர் வந்து ஜெபம் செய்வார், அவ்வளவுதான்.

பாத்திரங்கள் எல்லாம் புதியவை. ஒட்டியிருந்த லேபிளை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்திருந்தாள். பழைய பாத்திரத்தில் கறி வெந்திருக்கும் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. ஒரு வாரமாக வீட்டில் மீன்கூட வாங்கவில்லை.

"போன ஞாயித்துக்கெழம சர்ச்சுலேர்ந்து வந்து சாம்பார் துன்னதுதான் மொத தடவ" என்றார் அவள் கணவர் ஏசுபாதம், சமையலறை வாசலில் நின்றபடி. "துன்னுட்டு, வேற வழியில்லாம பிரசங்கத்த நெனச்சிகினு படுத்திருந்தேன்."

"நல்லதாப் போச்சு. வருஷத்துக்கு ஒரு தடவயாவது நெனைங்க."

அவர் நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அது மூடிய பிறகு பல வருஷம் பெங்களூருக்கு ரயிலில் போய் செக்யூரிட்டி வேலை பார்த்தார். இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறார். மகளோடு பேச ஆரம்பித்தே சில வாரங்கள்தான் ஆகின்றன. ஆனால் அந்தச் சில வாரங்களில் பின் அறைக்குத் தானே வெள்ளையடித்திருந்தார்.

"கண்டிஷனா சொல்லிடு வின்னி. சாயங்காலம் புள்ள இங்க வந்தாவணும். ஃபேன்கூட மாட்டிட்டேன்."

"அனுப்பாம இன்னா பண்ணுவாங்க?"

"கடைக்காரங்கம்மா. சிரிச்சிகினே எடைய கொறைப்பாங்க."

வின்னி சிரித்தாள். களைந்த அரிசியின் மேல் கை வைத்து ஒரு சின்ன ஜெபம் செய்வது அவள் பழக்கம். இன்று கையை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள். ஜெபித்த சாதம் அவர்களுக்கு ஆகுமா, ஆகாதா? யாருக்குத் தெரியப் போகிறது என்று மறுபடி வைத்தாள். தன் சமையலறையில் தன் ஆண்டவரோடு பேச இப்படி யோசிக்க வேண்டியிருப்பது வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாக மட்டும்தான் இருந்ததா என்று நினைத்துப் பார்க்க நேரமில்லை. புளி கொதித்துவிட்டது.

எதிர்த் தெரு டக்ளஸ் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். பாத்திரங்களை ஏற்றும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "இன்னாக்கா, ஒரு ஷிஃப்டு ஆளுங்களுக்கே போடலாம் போல கீதே!"

"வாய மூடிகினு ஓட்டு. பள்ளத்துல வுட்டே, உனக்கு இல்ல."

*

பாப்பம்மா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நரேஷ் ஓடிவந்து, "நீங்க உள்ள போங்க அத்தை, பாத்திரத்த நா பாத்துக்கறேன்" என்றான். நல்ல பையன் என்று வின்னி நினைத்துக்கொண்டாள்.

கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நடு நாயகமாக நரேஷின் அப்பா சீனிவாசனுடைய அக்கா. கோலாரில் வாக்கப்பட்டவர், அதனால் எல்லோருக்கும் கோலார் அக்கா; பேச்சில் கன்னடம் கலக்கும். வின்னியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீங்கதான் ஹுடுகியோட அம்மாவா? அய்யோ, பொடவ கட்டிகினு வந்திருக்கீங்க! நா கவுனு போட்டுகினு வருவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்."

பெண்கள் சிரித்தார்கள். வின்னியும் சிரித்தாள்.

"கவுனு போட்டா தலையில பூ நிக்காதுங்களே."

"தமிழ் நம்ம மாதிரியே பேசறீங்க?"

"எங்களுக்கும் தமிழ்தாங்க. எங்க தாத்தா வேலூர்லேர்ந்து வந்தவரு."

"அப்படியா! எனக்கு ஸ்வல்பகூட தெரியாது பாருங்க."

கே.ஜி.எஃப். கிறிஸ்தவர் என்றால் எல்லோரும் சட்டைக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், வீட்டில் இங்கிலீஷ் பேசுவார்கள், சனிக்கிழமை ஆனால் டான்ஸ் ஆடுவார்கள் என்று நினைக்கிறவர்களை வின்னி நிறையப் பார்த்திருக்கிறாள். கோபம் வருவதில்லை. பதில் சொல்லிப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் ஒரு களைப்பு இருக்கிறது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

டீனா பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், இரண்டு கை நிறைய வளையல். வின்னி முறைக்கு வளையல் போட்டபோது மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை மட்டும் சில்லென்று இருந்தது.

"இன்னா கண்ணு, முடியலியா?"

"ஒண்ணுமில்லம்மா. நீ போய் சாப்டு."

பந்தியில் கோலார் அக்கா பக்கத்தில் இடம் கிடைத்தது. இலையில் புளிச் சாதம் வந்தது. ஒரு வாய் எடுத்து வைத்ததும் வின்னியின் நாக்கு நின்றுவிட்டது.

வெல்லம். அப்புறம் கொப்பரைத் துருவல் பல்லில் பட்டது. கன்னட வீட்டுப் புளியோகரே. நல்ல ருசிதான். ஆனால் அவள் கை வேலூர்க் கை. நல்லெண்ணெய், மிளகாய், வேர்க்கடலை. வெல்லத்துக்கு அதில் வேலையே இல்லை.

"பொண்ணு வீட்டு சாதம் சென்னாகிதே" என்றார் கோலார் அக்கா. "நல்ல எடமாப் பாத்து சொல்லியிருக்கீங்க. பங்காருப்பேட்டை மெஸ்ஸாமே? நரேஷ் சொன்னான். அங்க ரொம்ப மடி, சுத்தம். இல்லன்னா நா சாப்டிருக்க மாட்டேன், ஒளிக்காம சொல்றேன்."

வின்னி இலையை மூடாமலே எழுந்தாள். கை கழுவப் பின்கட்டுக்குப் போனாள்.

துவைக்கிற கல்லின் மேல் அவளுடைய பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. காலையில் அவள் கட்டிய வெள்ளைத் துணி, அவள் போட்ட முடிச்சு, அப்படியே இருந்தது. பக்கத்தில் மெஸ்ஸின் காலி டிரம்கள். தயிர்ச் சாதப் பாத்திரம் வெயிலில் இருந்தது. ஏனோ முதலில் அதை நிழலுக்கு நகர்த்தி வைத்தாள். அதன் பிறகுதான் மூச்சு வாங்கியது.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது பாப்பம்மா யாருக்கோ பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, நா கொண்டாந்த சாதம் பின்னாடி துணி அவுக்காம கீது."

பாப்பம்மாவின் கரண்டி நின்றது. அவர் வின்னியைப் பார்க்கவில்லை. ஒரு நொடி டீனாவின் பக்கம் பார்த்தார். அகப்பட்டுக்கொண்டவர் பார்வை என்றே வின்னிக்குப் பட்டது.

"ஆகாதுன்னா அன்னிக்கு போன்லயே சொல்லியிருக்கலாம். நா வெறுங்கையோட வந்திருப்பேன். வாய் நெறைய சம்பந்தின்னு கூப்ட்டு, எஞ்சோத்த கொண்டு போய் துணி தோய்க்கிற எடத்துல வெப்பீங்களா? எங்க வூட்டுக்காரரு காலையிலயே சொன்னாரு, நாந்தான் சிரிச்சேன். கடைக்காரங்க புத்தி எங்க போவும்? சரக்குலயும் கலப்படம், சிரிப்புலயும் கலப்படம்."

கடைப்பக்கத்துக் கதவில் சீனிவாசன் வந்து நின்றிருந்தார். கடைசி வார்த்தையைக் கேட்டவர் திரும்பிக் கடைக்குள் போனார்.

டீனா மடியில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்புதான் சம்பந்தி" என்றார் பாப்பம்மா மெதுவாக. "எங்க வூட்ல நடந்தது. தப்பு எங்களுதுதான்."

*

பாத்திரங்களை எடுக்க வின்னி பின்கட்டுக்குப் போனாள். பாப்பம்மாவும் பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்தினார். ஒரு பாத்திரத்தின் முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி புளிச் சாதத்தை எடுத்து, நின்றவாக்கிலேயே வாயில் போட்டுக்கொண்டார்.

"வெல்லம் போடல நீங்க" என்றார். "எங்கம்மாவும் போடமாட்டா."

"இப்ப எதுக்கு இது? யாரும் பாக்கலன்னா?"

"யாரு எதிர்லயும் துன்னுவேன். காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னாம கீறேன், இதுக்குத்தான்." பாப்பம்மா பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "எடுத்துகினு போங்க. ஆனா போறதுக்கு முன்னாடி உங்க பொண்ண ஒரு வார்த்த கேளுங்க, இத இங்க வெக்கச் சொன்னது யாருன்னு."

வின்னிக்குப் புரியவில்லை. புரியவேண்டாம் என்றும் இருந்தது.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். என்னைச் சொன்னீங்க, பரவால்ல. கலப்படம்னு சொன்னது அவரு காதுல வுழுந்துடுச்சி. பஜார்ல அந்த ஒரு சொல்லு வாங்காம இத்தன வருஷம் இருந்த மனுஷன்."

"டீனாவா?"

"மெஸ் வண்டி வந்து நின்னப்பதான் எனக்கே தெரியும். நரேஷும் அவளும் எனக்குச் சொல்லாம ஏற்பாடு பண்ணிட்டாங்க. கோலார் அக்கா மோந்து பாத்துட்டு எழுந்துடுவாங்க, அம்மா தாங்கமாட்டா, மெஸ்லேர்ந்து வந்ததுன்னு சொல்லிடலாம்னு உங்க பொண்ணு அழுதா. மாசமா இருக்கறவ அழுவும்போது நா இன்னா பண்ண?" புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். "சரின்னுட்டேன். அதான் எந்தப்பு. ஆனா நீங்க என்னை அவ்ளோ பேசினப்ப, இப்ப வாயத் தொறப்பா, இப்ப தொறப்பான்னு அவளையே பாத்துகினு இருந்தேன்."

அந்தப் பார்வை. வின்னி கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"நா ஒண்ணும் பெரிய மனுஷி இல்ல" என்றார் பாப்பம்மா. "கல்யாணம் ஆன புதுசுல உங்களப் பத்தி நானும் நெனச்சேன். வூட்ல தெனம் குடி, பாட்டு, ராத்திரியானா சண்டன்னு. நீங்க வாயால சொல்லிட்டீங்க. நா சொல்லல, அவ்ளோதான் வித்தியாசம்."

*

டீனா கைப்பையோடு வாசலுக்கு வந்தபோது பாத்திரங்கள் ஆட்டோவில் ஏறிவிட்டிருந்தன. டக்ளஸ் பீடியை அணைத்துவிட்டு சீட்டில் உட்கார்ந்தான். நரேஷ் படிக்கட்டிலேயே நின்றுவிட்டான்.

"போலாம்மா" என்றாள் டீனா.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வின்னி நாள் முழுக்கக் காத்திருந்தாள்.

"ஏன்டி அப்டி பண்ணே?"

டீனா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "பெங்களூர்ல, ஒயிட்ஃபீல்டுல வாடகைக்கு எத்தன வூடு பாத்தோம் தெரியுமா உனக்கு? கே.ஜி.எஃப்.ன்னதும் ரவுடி ஊரான்னு கேப்பான். எம் பேரச் சொன்னதும் அடுத்த கேள்வி இன்னா சமைப்பீங்கன்னுதான். கடைசில நரேஷ் தனியா போய் கோலார்னு சொன்னான். உடனே கெடச்சிது. அந்த வூட்ல கதவு ஜன்னல் சாத்திட்டுத்தான் மொட்ட அவிக்கிறேன். மோந்து பாக்கறது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. உன்ன அவங்க அப்டி பாக்கறத நா பாக்கக் கூடாதுன்னுதான்."

"அவங்க மோந்து பாக்கறதுக்கு முன்னாடி நீ பாத்துட்டியே."

டீனாவின் முகம் சுருங்கியது. வின்னிக்கு அந்த முகத்தைக் கையில் ஏந்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முட்டையை ஜன்னல் சாத்தி அவிக்கிற மகள். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? சாதத்தை ஒளித்ததை மன்னித்துவிடலாம். வண்டியில் ஏறுவதற்குள்ளேயே மன்னித்துவிடலாம். வலித்தது வேறு இடம்.

"உன் மாமியார நா அவ்ளோ பேசறேன். நீ தாம்பாளத்தப் பாத்துகினு உக்காந்திருந்தே."

"நீ அப்டி பேசுவேன்னு எனக்குத் தெரியுமா?"

"பேசினப்புறம்?"

டீனா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"உள்ள போ. எல்லார் எதிர்லயும் சொல்லிட்டு வா. நா நிக்கிறேன்."

"கோலார் பெரியத்தை கிளம்பட்டும்மா. அப்புறம் அத்தை மாமாகிட்ட நானே சொல்றேன். அத்தையே பேசாம இருக்காங்க, நீ ஏன் பெருசாக்கறே?"

அத்தையே பேசாம இருக்காங்க. தனக்காக ஒருத்தி வாங்கிக்கொண்ட அடியை இவ்வளவு லேசாகச் சொல்ல இவள் எங்கே கற்றாள்? என் வயிற்றில் இருந்தவள்தானே?

வின்னி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் பொங்கல் பாத்திரத்தைத் தூக்கி வைத்தாள்.

"வண்டிய எடு டக்ளஸ்."

"அக்கா, பாப்பா..."

"எடுன்னேன்."

*

சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மண்மேடுகளைத் தாண்டும்போது காற்றில் தூசி பறந்தது. வின்னி முந்தானையால் பாத்திரங்களை மறைத்துப் பிடித்தாள். இனி யார் சாப்பிடப் போகிறார்கள்?

மகள் செய்தது ஒரு பக்கம். அதைத் தள்ளிவிட்டு இன்னொன்று முன்னால் வந்து நின்றது. அவள் கண்ணால் பார்த்தது துணி அவிழ்க்காத பாத்திரங்களை மட்டும்தான். பாப்பம்மாதான் என்று யார் சொன்னார்கள்? ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லையே. கோலார் அக்கா கவுனைத் தேடியதுபோலத்தான் அவளும் தேடியிருக்கிறாள். கடைக்காரி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று உள்ளே எப்போதோ சமைத்து மூடி வைத்திருந்தாள். இன்று எடுத்துப் பரிமாறினாள். சூடு ஆறாமல் இருந்தது.

ஏசுபாதம் வாசலிலேயே நின்றிருந்தார். சவரம் செய்து, தோய்த்த வேட்டி கட்டியிருந்தார். ஆட்டோ நின்றதும் குனிந்து உள்ளே பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். பாத்திரங்களைப் பார்த்தார்.

"புள்ள எங்க?"

இப்போது சொல்ல வேண்டும். உங்கள் மகள் நம் சோற்றை ஒளித்தாள். வேறொருத்தி பழியை ஏற்றுக்கொண்டபோது வாயை மூடிக்கொண்டாள். நான்தான் விட்டுவிட்டு வந்தேன். இதைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார். அவர் விரல் நகங்களில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது.

"அவங்க அனுப்பல" என்றாள் வின்னி.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார். "காலையிலயே சொன்னேன் இல்ல? சோத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்களா? தொடக்கூட இல்லியா?"

ஒரு பாத்திரத்தின் முடிச்சு மட்டும் அவிழ்ந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வின்னி வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார்.

"இறக்குடா பாத்திரத்த. ராபர்ட்சன்பேட்டைக்கு வுடு. அந்தக் கட வாசல்ல நின்னு கேக்கறேன், பஜாரே கேக்கட்டும்."

டக்ளஸ் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். கேட்டருகில் நடந்த பேச்சு முழுக்க அவன் காதில் விழுந்திருந்தது. சாவியைத் திருகாமல் வின்னியைப் பார்த்தான்.

"இன்னாக்கா, போவட்டுமா?"

"அவள இன்னாடா கேக்கற? எடு வண்டிய" என்றார் ஏசுபாதம்.

டக்ளஸ் எடுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.